சேசிஸ் எண்

சூஸ்டன் கணவாய் ஜூனில்தான் திறக்கும்.
அதுவரை என் வண்டியின் இலக்கத்தகடு
பீல் நகரத்துப் போக்குவரத்து அலுவலகத்தில்
யாரோ ஒருவரின் அலுமாரிக்குள் உறங்கும்.
குளிர்காலத்து வரியில் தப்ப
இந்த நாட்டில் எல்லோரும் செய்கிற வேலை.
எனக்கு மட்டும் ஒவ்வொரு நவம்பரிலும்
கவுண்டரில் தகட்டை நீட்டினால்
கை ஒரு கணம் விடாது.
நான் நீட்டிய தாள்கள்
திரும்பி வந்த பழக்கம் குறைவு.

தொள்ளாயிரம் சிசி. இரட்டைச் சிலிண்டர்.
பல் வைத்தியர் எஷ்லிமானுக்கு முழங்கால் போனதால்
என்னிடம் வந்தது.
விற்கும்போது மூன்று தரம் கேட்டார்:
"கணவருக்கா?"
மூன்று தரமும் "எனக்கு" என்றேன்,
முதியோர் இல்லத்துச் சலவை அறையில்
ஆறு வருடம் மடித்த துவாய்களின் காசை
எண்ணி வைத்தபடி.

எழுத்துகள் எனக்கு இங்கே தாறுமாறாய்த்தான் வந்தன.
முதலில் என். பிறகு எஃப்.
ஒன்பது வருடம் எஃப்.
பிறகு பி. பிறகு சி.
கடைசியில், நாற்பத்து நான்கு வயதில்,
ஓட்டுநர் அட்டையில்
ஏ.

வாங்கிய அன்று, கராஜில்
மண்டியிட்டுத் துடைக்கையில் கண்டேன்:
கழுத்துப் பக்கம், சேசிஸ் எண்ணுக்குக் கீழே,
பொடி எழுத்தில்
தாய்லாந்து.
டேங்கில் என்னவோ வெள்ளைக்காரப் பெயர்தான்.
"எடியே," என்றேன்,
"நீயும் அந்த வழியாலேயா வந்தனி?"

பாங்கொக்கில் பத்தொன்பது மாதம்.
அதில் விசா இருந்தது ஒரு மாதம்.
மூன்றாம் மாடி, ஒரு ஜன்னல், ஆறு பேர்.
கீழே வண்டி கழுவும் கடை.
ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாய் நிற்கும்
பெரிய மோட்டார் சைக்கிள்கள், நுரைக்குள்ளே,
குளத்தில் இறக்கிய எருமைகள் மாதிரி.
பிக்பைக் என்பார்கள் ஒரே மூச்சில்,
தங்கள் சொந்தச் சொல்லைப் போல.

கடைக்காரி பெயர் நொய்.
ஐந்து மாதமாய்ப் படிக்கட்டைத் தாண்டாத என்னை
ஒருநாள் விரலால் கூப்பிட்டாள்.
பின்னால் ஏறச் சொன்னாள்.
ஹெல்மெட் பெரிது, கன்னத்தில் அடித்தது.
அவள் சொன்னதில் விளங்கியது இவ்வளவுதான்:
நான் சாயிற பக்கம் சாய்.
பயந்து மற்றப் பக்கம் சாய்ந்தாயோ
ரெண்டு பேருக்கும் ரோட்டுதான்.

சந்தியில் பொலிஸ்.
ஸ்கூட்டர்களையும் டாக்சி பைக்குகளையும்
மறித்து மறித்துத் தாள் கேட்டுக்கொண்டிருந்தான்.
எங்களைப் பார்த்தான்.
வண்டியைப் பார்த்தான்.
போ என்று கையை வீசினான்.
ஆயிரம் சிசிக்குப் பின்னால்
விசா இல்லாத ஒருத்தி ஒட்டிக்கொண்டிருப்பாள் என்று
ஏன் நினைக்கப்போகிறான்.

அன்றைக்கே தீர்மானித்தேனா, தெரியாது.
இரவு முழுக்கத் தொடை நடுங்கியது ஞாபகம்.
அடுத்த மாதம் அறையோடு எங்களை அள்ளிப்போனார்கள்.
நொய்யின் ஹெல்மெட்
என் பாய்க்குப் பக்கத்தில் கிடந்தது.

போன ஜூலை, சூஸ்டன் உச்சியில்,
சுரங்கத்துக்கு முன்னால் மறித்தார்கள்.
இங்கே பெரிய வண்டிகளைத்தான் மறிப்பார்கள்,
சத்தம் அளக்க.
அவர் வாய் திறக்குமுன்
ஓட்டுநர் அட்டை, வண்டி அட்டை, சி அட்டை,
காப்புறுதி, ஒரு தடுப்பூசிப் புத்தகம் வரைக்கும்
டேங்க் மேல் பரப்பிவிட்டேன்.
இளம் பொலிஸ்காரர். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது.
இரண்டை மட்டும் எடுத்தார்.
குனிந்து சேசிஸ் எண்ணைப் பார்த்தார்.
"தாய்லாந்து," என்றார், சும்மா.
"ஓம்," என்றேன், தமிழில்.
டெசிபல் சரியாம்.
சங்கிலிதான் காய்ந்திருக்கிறது, எண்ணெய் போடச் சொன்னார்.

கையுறை மாட்ட எட்டு நிமிடம் பிடித்தது.
விரல்கள் ஒரே துளைக்குள் ரெண்டு ரெண்டாய்ப் போயின.

பிறகு சுரங்கம். பிறகு வெளிச்சம்.
முதல் வளைவில், பள்ளத்தாக்கு வலப்பக்கம் திறக்க,
வண்டி சாய்ந்தது.
அது சாய்ந்த பக்கம் சாய்ந்தேன்.
வாசன் ஊர் வரைக்கும்
கீச்சிட்டபடியே வந்தது சங்கிலி.