நோட் ஆஃப் வராத இரவு

மிடி கோப்பில் சத்தம் கிடையாது.
எந்தக் கட்டை, எப்போது தொட்டேன்,
எவ்வளவு வேகமாய், எப்போது விட்டேன்
அவ்வளவுதான். வெறும் கணக்கு.
பகலில் நான் ஐஸ் கம்பெனிப் பேரேட்டில் எழுதுவது போல:
இன்ன படகு, இத்தனை பார், இத்தனை மணி.
பேரேட்டைத் தொட்டால் கை குளிராது.

நான்கு அடி சேர்ந்தால் ஒரு பார்.
கடலூர் முதுநகரில் பார் என்றால் ஐஸ்.
அமலோர் இருக்கும் பாண்டிச்சேரியில்
பார் என்றால் வேறு.
ஆகவே எங்கள் இருவருக்குள்
‘எட்டாவது பார்ல நிறுத்து’ என்றால்
ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் ஒரு பாஸ் வரி அனுப்பினேன்.
விசைப்படகு கிளம்பும்போது
வயிற்றில் உதைக்குமே, அப்படி.
முத்தியால்பேட்டையில் அவன் திறந்தான்.
அந்தச் சேனலில் அவன் வைத்திருந்தது மணி.
‘நடுப்பூசையில எழுந்தேற்றம் மாதிரி இருக்கு’ என்று
குரல் அனுப்பினான்.
கேலி இல்லை. பிடித்துப்போய்
வாசிப்பை மாற்றவே மாட்டேன் என்கிறான்.

தாளத்துக்கு எங்கள் ஐஸ் உடைக்கும் மெஷின்.
போனில் பிடித்து, வெட்டி,
பதினாறு கட்டங்களில் போட்டேன்.
வாய்க்குள் பார் தள்ளுகிறவர் சுப்பராயலு.
மூன்றாவது தள்ளலுக்கு முன் கோணியை மாற்றிப் பிடிப்பார்,
அதனால் மூன்றாவது எப்போதும்
கொஞ்சம் பிந்தி விழும்.
‘குவாண்டைஸ் போடு’ என்றான் அமலோர்.
போட்டேன்.
எல்லாம் கோட்டில் வந்து நின்றன,
சாகிபு போட்டோவுக்கு நிறுத்திய பிள்ளைகள் மாதிரி
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
திருப்பி எடுத்தேன்.
பிறகு அறுபது சதவீதம் மட்டும் இழுத்தேன்.
மீதி நாற்பது சுப்பராயலுவுடையது.
அவரிடம் கேட்கவில்லை.

செவ்வாய் இரவு
கீபோர்டு ஒயர் ஆடியிருக்க வேண்டும்.
தொட்டேன் என்ற சேதி போனது.
விட்டேன் என்ற சேதி போகவில்லை.

கையை எடுத்துவிட்டேன், டம்ளரில் காப்பிகூடக் குடிக்கிறேன்,
அது பாட்டுக்கு நிற்கிறது.
அட்டாக் முடிந்து, டிகே முடிந்து,
சஸ்டெயினில்.
சஸ்டெயின் நேரம் என்று நினைத்திருந்தேன் ஒரு காலத்தில்.
நேரம் இல்லை, மட்டம்.
உப்பனாற்றில் ஓதம் ஏறி நிற்குமே,
இறங்கு என்று யாரும் சொல்லும்வரை
அந்த மட்டம்.

இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு, பேரே பேனிக்.
‘அழுத்தித் தொலை’ என்றான் போனில்.
அழுத்தப் போனேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
கம்பெனி கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டிருந்தது.
இரண்டும் ஏறக்குறைய ஒரே சுருதி.
ஏறக்குறைய.
அந்த மயிரிழை இடைவெளியில்
ஒரு அலை எழும்பி எழும்பி அடங்கியது,
நொடிக்கு ஒன்று,
பிறகு ட்யூனிங்கைத் தொட, இரண்டு நொடிக்கு ஒன்று,
நான்குக்கு ஒன்று,
எப்போது நிற்கும் என்று
நாற்காலி நுனியில் நான்.

பதினொன்று பத்துக்குக் கரண்ட் போனது.

கம்ப்ரெஸர் நின்றது. ஸ்பீக்கர் செத்தது.
துறைமுகத்தில் யாரோ இருமுவது கேட்டது.
மடிக்கணினி மட்டும் பேட்டரியில்
பச்சை மீட்டரைத் தூக்கிப் பிடித்தபடி:
உள்ளே அந்த நோட் ஒலிக்கிறது,
ஒலிக்கவில்லை.

ஜெனரேட்டர் வந்தபோது
கம்ப்ரெஸர் அரைச் சுருதி இறங்கியிருந்தது.
பேரேட்டில் எழுதினேன்: டீசல், 11.10 முதல்.

அழிக்காமல் சேமித்தேன்.
திரையில் அந்த ஒரு நோட்
வலது ஓரத்தைத் தாண்டி நீண்டு கிடக்கிறது.
எத்தனை நகர்த்தினாலும் முனை வரவில்லை.
அமலோருக்கு அனுப்பிவிட்டேன்.

அவன் மணியில்தான் திறப்பான்.
மணிக்கு சஸ்டெயின் பூச்சியம்.
ஒரு முறை அடித்து ஓயும்.
‘என்ன, ஒரே ஒரு அடிதானா?’ என்பான்.