முதல் நெடுவரிசை

காலை எட்டரை. டே நதியிலிருந்து ஏறிவந்த மூடுபனி
ஆய்வுக்கூடச் சன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிறது.
டண்டீயில் இன்னொரு செவ்வாய்.
மூன்றாம் பிரிவேளைக்குக் கின்னியர் டீச்சர் கேட்டிருப்பவை:
லித்தியம், சோடியம், பொட்டாசியம்,
கண்ணாடித் தொட்டி, தடுப்புத் திரை,
பாதுகாப்புக் கண்ணாடி இருபத்தாறு
(ஒன்றில் பட்டை அறுந்திருக்கிறது).

பொட்டாசியத்தை முதலில் பார்ப்பேன்.
மஞ்சள் பொருக்குத் தட்டியிருந்தால் கத்தி வைக்கக் கூடாது.
இல்லை, நல்ல பிள்ளையாக எண்ணெயில் கிடக்கிறது.
லித்தியம் எண்ணெய்க்கும் அடங்காது, மேலே வந்து மிதக்கும்,
இடுக்கியால் அமுக்கிப் பிடிக்க வேண்டும்.
சோடியம் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெய்.
வெட்டிய முகம் ஒரு கணம் வெள்ளித் தட்டு.
இமைப்பதற்குள் மங்கும்,
சொல்லக் கூடாத பெயரை யாரோ சொல்லிவிட்டதுபோல.

உளுந்தம்பருப்பு அளவு. அதற்குமேல் வேண்டாம்.
கத்தி மெல்ல நடுங்குகிறது.
கத்தி அல்ல, கை.
"குளிரா, தமயந்தி?" என்பார் டீச்சர்.
ஆமாம் என்பேன்.
பதினோரு வருடமாக எனக்கு இந்த ஊரில் குளிர்.

சுவரில் ஆவர்த்தன அட்டவணை.
அதன் இடது ஓரம் ஓர் அடுக்குமாடி.
மொட்டைமாடியில் ஹைட்ரஜன்,
அந்தக் குடும்பம் இல்லை, வாடகைக்கு இருக்கிறது.
கீழே ஆறு வீடு.
ஒவ்வொரு வாசலிலும் ஒரே ஓர் எலெக்ட்ரான்.
இறங்க இறங்க வீடு பெருக்கும்,
வாசலில் நிற்பவனுக்கு
உள்ளிருந்து கூப்பிடும் குரல் எட்டாது,
யார் கைநீட்டினாலும் போய்விடுவான்.
சீசியம் எங்கள் அலமாரியில் இல்லை, காணொளி மட்டும்.
பிரான்சியம் எந்தச் சீசாவிலும் இல்லை,
இருபத்திரண்டு நிமிடத்தில் பாதி போய்விடும்,
ஒரு பிரிவேளைகூடத் தாங்காது.

லித்தியம் நீரில் முணுமுணுத்தது.
சோடியம் உருகி உருண்டு
சூடான தோசைக்கல்லில் விழுந்த துளிபோல் ஓடியது,
இங்கே தண்ணீர்தான் கல்.
பொட்டாசியம் கத்தரிப்பூ நிறத்தில் பற்றி
கடைசியில் ஒரு 'டப்'.
கைதட்டல்.

"லித்தியம் எதற்கெல்லாம் பயன்படும்?"
போன். மின்சாரக் கார்.
கடைசி வரிசையில் ரூரி, கை தூக்காமலே:
"எங்கம்மா அதைச் சாப்பிடுறாங்க."

வகுப்பு சிரித்தது.
வெடிச்சிடுவாங்களா என்றது ஒரு குரல்.
அவன் காது சிவந்தது, லித்தியச் சுடரின் அதே சிவப்பு.
டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார்.
அந்தப் பக்கம் அதில் இல்லை.

நான் வகுப்பில் பேசுகிற ஆள் இல்லை,
தட்டு ஏந்துகிற ஆள்.
"உலோகத்தை இல்லை," என்றேன், "அதன் உப்பை.
இராத்திரியில்.
அப்புறம் சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று
கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.
சோடியம் பக்கத்து வீடு அல்லவா,
சிறுநீரகத்துக்கு ஆள் மாறிப்போகும்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை நைன்வெல்ஸில் ரத்தம்
எடுப்பார்கள்."

இவ்வளவு விவரம் எதற்கென்று எனக்கே தெரியவில்லை.
தட்டில் சோதனைக் குழாய்கள் கிணுகிணுத்தன.
ரூரி என் கையைப் பார்த்தான்.
மணி அடித்தது.

சோடியத் துணுக்குகளை ஸ்பிரிட்டில் போட்டு
அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.
பட்டை அறுந்த கண்ணாடியைக் கொடுக்கத் திரும்பி வந்தான்.
"அம்மாவுக்கும் ஆடும். டீ கொட்டிடும்."
"பாதிக் கோப்பைதான் ஊற்ற வேண்டும்," என்றேன்.
யோசித்தான். தலையாட்டினான்.
அடுத்த வகுப்புக்குத் தாமதம், ஓடினான்.

இரவு பத்து. மாத்திரைக்குள் இருப்பது
தன் ஒற்றை எலெக்ட்ரானை
எப்போதோ கொடுத்துவிட்ட லித்தியம்.
ஒரு வாய்த் தண்ணீர்.
வழக்கம்போல் காதுகொடுக்கிறேன்.
முணுமுணுப்புக்கூட இல்லை.