நீலச் சுருள்

ஞாயிறு, விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
கோர்வெனுக்கு வெளியே, ஆற்றோர ஈரப் புல்லில்
கார்கள் வரிசையாக டிக்கியைத் திறந்துவைத்திருக்கும்.
கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு
இரண்டு கையாலும் துழாவுகிறவர்கள் நாங்கள்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை;
அடுத்தவன் வெளிச்சம் எந்தப் பெட்டியில் நிற்கிறதென்று மட்டும்
ஓரக்கண்ணால்.

ஹெவின் குதிரை ஏற்றும் வண்டியில் சரக்குக் கொண்டுவருவான்.
கை போன பொம்மை, ஊசியில்லாத தையல் மெஷின்,
இழுத்து மூடிய சபைக்கூடத்தின் பாட்டுப் புத்தகங்கள்.
எல்லாவற்றுக்கும் அடியில்
கதவுக்கு முட்டுக்கொடுக்கிற கட்டை மாதிரி ஒன்று.
"மாதிரி என்ன, அதேதான்.
சபைக்கூடக் கதவுக்கு முப்பது வருஷம் முட்டு" என்றான்.
புரட்டினேன்.
அடியில் ஒரு வாய்.
இழைப்புளி.

நாலு பவுன் சொன்னான். இரண்டரை என்றேன்.
மூன்றுக்குப் படிந்தது. கூட ஐம்பது பென்ஸுக்குக்
கைப்பிடி பிளந்த ஓர் உளியையும் என் தலையில் கட்டினான்.

சமையலறை மேஜையில் செய்தித்தாள் விரித்து
ஆப்பைத் தட்டினேன். அசையவில்லை.
"அசையாது, மெரெரிட்" என்றான் டைலோ,
டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே.
பின்புறம் தட்டினேன். இன்னொன்று.
ஆடிக்கொண்டிருந்த பல்லாக ஆப்பு கழன்றது,
கூடவே, தொண்டையிலிருந்து
நசுங்கிக் கருத்த ஒரு சுருள்.

வெந்நீரில் போட்டேன். மெல்ல அவிழ்ந்தது.
ஒரு பக்கம் பைன். மறுபக்கம் நீலப் பெயின்ட்.

தொழில் தெரிந்தவன் பெயின்ட்மேல் இழைக்கமாட்டான்;
கூர் செத்துவிடும்.
அப்படி என்ன அவசரம்?
மழைக்கு ஊதிய கதவு. உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தையா,
வெளியே எடுக்கவேண்டிய சவப்பெட்டியா,
வாடகைக்கு வருகிறவர் தெருமுனையில் நிற்கிறாரா?
மூக்கில் முத்திரை: இ. பென்ரி.
அதன்மேலேயே, கோணலாக: ட. பென்ரி.
அண்ணன் தம்பியோ, பாகத் தகராறோ,
நீலம் எவனுடையதென்று மரம் சொல்லவில்லை.

இரும்பை வினிகரில் ஊறப்போட்டேன். ஓர் இரவு போதும்.
திங்களன்று பள்ளிப் பேருந்துக்கு ஒரு டிரைவர் வரவில்லை;
என் தடத்தோடு அவன் தடமும் எனக்கே வந்தது.
வியாழன் இரவுதான் ஜாடி நினைவுக்கு வந்தது.
துரு போயிருந்தது.
துருவோடு ஒரு கிரீடமும், அதன் கீழே
அப்புறம் படிக்கலாமென்று விட்டிருந்த பெயரும்.
நூறு வருஷ ஈரம் விட்டுவைத்ததை
நாலே நாளில் நான் தின்றுவிட்டேன்.
டைலோவிடம் சொல்லவில்லை.

கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாள் ஒட்டித்
தேய்த்தேன். மறுநாளும் தேய்த்தேன்.
"கார் ரிப்பேரா, மிஸ்?" என்றாள் முன்சீட்டு நெஸ்டா,
ஸ்டியரிங்மேல் என் நகங்களைப் பார்த்து.
ஆமாம் என்றேன்.
சொல்லத் தொடங்கினால் அவள் ஸ்டாப் வந்துவிடும்.

எங்கள் குளியலறைக் கதவும் அக்டோபரில் ஊதும்;
தோளால் இடித்துத்தான் திறப்போம்.
கழற்றி, இரண்டு நாற்காலிமேல் ஒருக்களித்துக் கிடத்தி,
விளிம்புப் பெயின்ட்டை முதலில் சுரண்டி
(எனக்கென்ன, யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளவில்லை)
தள்ளினேன். திக்கியது.
ஆப்பில் அரைத்தட்டு.
மறுபடி தள்ளினேன்.
சொர்ரென்று ஒரு சத்தம்.
வாயிலிருந்து, வெங்காயத் தோல் கனத்தில்,
வெள்ளையாக எழும்பிச் சுருண்டது.

அங்கே நிறுத்தியிருக்கவேண்டும்.
அந்தச் சத்தத்துக்காகவே
இன்னும் பன்னிரண்டு தள்ளு தள்ளினேன்.

இப்போது கதவு நிலையில் நிற்பதில்லை.
காற்றடித்தால் தானே திறந்துகொள்கிறது.
பல்துலக்கியபடி அதைக் காலால் பிடித்துக்கொண்டு
"முட்டுக்கொடுக்க ஏதாவது கட்டை..." என்று
மேஜைப் பக்கம் கண்ணை விடுகிறான் டைலோ.

அதைப் பார்க்காதே என்கிறேன்.
நாளை ஞாயிறு.
ஹெவினிடம் ஒரு தாழ்ப்பாள் இருக்கும்,
ஏதாவது பெட்டியின் அடியில்,
வேறெதுவோ மாதிரி.