மூன்றாவது பொத்தான்

கொலோன் நகரத்தின் ஆவணக் காப்பகம் மண்ணுக்குள் சரிந்தபோது
எனக்குப் பதினோரு வயது.
வகுப்பறை ஜன்னல் ஒருமுறை அதிர்ந்தது, அவ்வளவுதான்.
"டிராம்" என்றார் கணக்கு டீச்சர்,
பின்னக் கணக்கைத் தொடர்ந்தார்.

இப்போது அந்தப் பகலின் செதில்களை
நாளைக்கு நானூறு வீதம்
இடுக்கியால் எடுத்து
ஸ்கேனரின் இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே
படுக்க வைக்கிறேன்.
தபால்தலையைவிடப் பெரிதாக ஒன்று கிடைத்தால்
அன்று அதிர்ஷ்டம்.
தும்மக் கூடாது. தும்மினால் கெரெயோன் கத்துவான்.
போன மாதம் அவனே தும்மினான்.
ஒரு பேராயரின் பாதிக் கையெழுத்தை
மேஜைக்கடியில் எல்லோரும்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினோம்.

கணினிக்கு லத்தீன் தெரியாது,
எங்கள் ஊர்ப் பேச்சும் தெரியாது.
அதற்குத் தெரிந்ததெல்லாம் ஓரம்:
எங்கே நார் பிரிந்திருக்கிறது,
எங்கே மை பாதியில் அறுந்து தொங்குகிறது.
இரவெல்லாம் ஒவ்வொரு செதிலையும்
மற்ற எல்லாவற்றோடும் வைத்துப் பார்த்துவிட்டு
காலையில் ஜோடி ஜோடியாகத் திரையில் நிறுத்தியிருக்கும்.
எனக்கு இரண்டு பொத்தான்கள்.
ஆம். இல்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது இந்த ஜோடி.
இடப்பக்கம், மீன் சந்தை வரிக் கணக்கு:
"ஹெர்ரிங் மூன்று பீப்பாய், பாக்கி".
எழுதிய கை மண்ணாகி ஐந்நூறு வருடம் இருக்கும்.
வலப்பக்கம் தட்டச்சு, ஐம்பத்து மூன்றாம் வருடம்:
"என் கணவர் திரும்புவார் என்று இனி
நான் நம்பவில்லை, ஆகவே"
அங்கே கிழிந்திருக்கிறது.

மேடு பள்ளத்தில் இறங்கியது,
பள்ளம் மேட்டை வாங்கிக்கொண்டது,
ஒரு நார்கூடப் பிசகவில்லை.
தொண்ணூற்றெட்டு சதவீதம், என்றது கணினி.

நிரல் எழுதும் நூர்ஹயாத்தை அழைத்தேன்.
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்,
சைக்கிளில் வந்த மூச்சோடு குனிந்து பார்த்தாள்.
"ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கும்.
ஒரே உத்தரம் இரண்டையும் சேர்த்துக் கடித்திருக்கும்.
நிலத்தடி நீர் இரண்டுக்கும் ஒரே பழுப்பைப் பூசிவிட்டது.
ஒட்டு உண்டு, உறவு இல்லை.
இல்லை என்று அழுத்து."

அழுத்தினேன்.
கணினி மறுபேச்சில்லாமல் பிரித்து எடுத்துக்கொண்டது.

மதியம் ரொட்டியைக் கடித்தபடி கேட்டேன்,
இன்னொரு பொத்தான் வைக்க முடியுமா.
"எதற்கு?"
ஒன்றுக்கொன்று யாருமில்லை,
விழும்போது பக்கத்தில் இருந்தவை,
அதைக் குறித்துவைக்க.
"அந்தப் பட்டியல் யாருக்கு வேண்டும்?"
தெரியவில்லை என்றேன்.
உண்மையிலேயே தெரியவில்லை.

அந்த "ஆகவே"யை
புதன்கிழமை ஒரு சாக்கடை வரைபடத்தோடு நிறுத்தியது,
வியாழன் ஒரு தேவாலய மணியின் ரசீதோடு.
இல்லை. இல்லை.

வெள்ளிக்கிழமை திரையின் மூலையில்
சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான் இருந்தது.
அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை.
மீன் கணக்கைத் தேடித் திரும்ப எடுத்தேன்.
இதுவரை பதினேழு முறை அழுத்தியிருக்கிறேன்.