அவை

ஆசஹெல் வாட்லி முதன்முறை தலைநகர் போனது
ஜூன் மாதச் சேற்றில், இரவல் குதிரையில்.
மைலுக்கு இத்தனை சென்ட் என்று படி உண்டு;
குதிரைக்காரன் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றத்தில் ஏழு ஆண்டுகள்,
பின்வரிசை, கணப்பின் சூடு எட்டாத பலகை.
பனிக்காலத்தில் மை உறைந்துபோகும்.
மூச்சால் ஊதி இளக்கி
ஒரே ஒரு மசோதா எழுதினார்:
வேலி தாண்டும் பன்றிக்கு மூக்கில் வளையம்,
தவறினால் உடையவனுக்கு அபராதம்.
சிரித்தார்கள். நிறைவேற்றினார்கள்.

கடன்பட்டவனைச் சிறையிடும் சட்டத்துக்கு
"ஆம்" என்று எழுந்து நின்றவரும் அவர்தான்.
அந்த இலையுதிர்காலமே
மைத்துனன் ஜோதம் உள்ளே போனான்.
வெள்ளிதோறும் ரொட்டியும் புகையிலையும் கொண்டுபோனார்.
அவைக்குறிப்பில் அது ஏறவில்லை.

எட்டாவது தேர்தலில் பதினோரு வாக்கில் தோற்றார்.
ஊர்க்கூட்டம், கேலியோ கருணையோ,
பன்றி பிடிக்கும் பதவியைத் தந்தது.
மறுக்கவில்லை.

இப்போது சோளக்காட்டில் ஓடுகிறார்,
கையில் கயிறு,
தலைநகரில் தைத்த அதே கோட்டு.
அவை கூடுகின்றன, உறுமுகின்றன,
திசைக்கொன்றாய்க் கலைகின்றன.
அவரை அமரச் சொல்ல
இங்கே சபாநாயகர் இல்லை.