ஒன்பது பைசா

கிறிஸ்டியான்பேட்டைச் சாவடிக்கு
இந்தப் பக்கம் எங்கள் பங்க்.
அந்தப் பக்கம் சித்தூர்ச் சாலை.
நடுவில் ஒரு பலகை, இரண்டு எழுத்து,
லிட்டருக்குச் சில ரூபாய் வித்தியாசம்.

ஐந்து ஐம்பதுக்கு முனிரத்தினம் வந்தார்.
பெட்ரோல் ஏஸ். பதினாலு கிரேட் தக்காளி,
மேலே ஈரச் சாக்கு.
"இன்னா தெய்வசிகாமணி,
ஆறு மணிக்கு ஏறுதா, எறங்குதா?"

எனக்கெப்படித் தெரியும்?
நான் பிடித்திருப்பது குழாயின் இந்த முனை.
மறுமுனை
நான் படத்தில்கூடப் பார்க்காத கடலில்,
இரு கரையும் முறைத்துக்கொள்ளும் ஒரு இடுக்கில்,
போகலாமா என்று நிற்கும் கப்பலில் இருக்கிறது.
அது நின்றால் பீப்பாய் ஏறும்.
பீப்பாய் சும்மா இருந்தாலும்
ரூபாய் இளைத்தால் போதும்,
அதே எண்ணெய்க்குக் கூடக் காசு.

போன மாசம் பில்லின் பின்பக்கம்
எழுதியே காட்டினேன் அவருக்கு:
கச்சா எண்ணெய்க்கு இவ்வளவு,
காய்ச்சி வடித்ததற்கு இவ்வளவு,
டெல்லிக்கு, சென்னைக்கு,
டேங்கர் லாரி இத்தனை தூரம் வந்ததற்கு,
முதலாளி வரதராஜுலுவுக்குக் கமிஷன்.
"உனக்கு?" என்றார்.
அந்தத் தாளில் அதற்குமேல் இடமில்லை.

"சித்தூர்ல விக்கிறதும் இதே எண்ணெதானே?"
இதேதான்.
அங்கே வரி ஒரு படி உயரம்.
அதனால்தானே நைனா
டேங்க் அடி தட்டத் தட்ட
எங்களைத் தேடி வருகிறாய்.

ஓட்டு வரும் மாதங்களில்
பலகை எண் வாய் மூடி உட்கார்ந்துவிடும்,
பீப்பாய் எகிறினாலும், சரிந்தாலும்.
விரல் மை மங்குவதற்குள் பேச்சு வந்துவிடும்.
ஏறும்போது
காட்பாடியில் நிற்காத எக்ஸ்பிரஸ்.
இறங்கும்போது ஏலகிரி மலைப்பாதை,
ஒவ்வொரு வளைவுக்கும் முதல் கியர்.

"இர்றா, பத்து நிமிஷம்தானே."
வண்டியை ஓரம் கட்டினார்.

ஆறுக்குப் பழைய விலை போனது.
புதியது வரவில்லை.
திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது.
எந்த ஊரிலோ எவனோ தூங்கிவிட்டான் என்றான்
காற்றடிக்கும் நூருல்லா.
திருப்பதியிலிருந்து சி.எம்.சி. போகும் காரில்
பின்சீட்டு ஆள் எட்டிப் பார்த்து
எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டார்,
எவ்வளவு விலை என்றல்ல.
மடியில் ஸ்கேன் கவர்.

ஆறு இருபத்தைந்துக்கு எண் விழுந்தது.
ஒன்பது பைசா குறைவு.
இருபது லிட்டருக்கு
ஒரு ரூபாய் எண்பது மிச்சம்.
முனிரத்தினம் சட்டைப்பையைத் தட்டிக்கொண்டு
ஹாரன் அடித்துக் கிளம்பினார்,
எதிரே ஒரு வண்டியும் இல்லாத சாலையில்.

மத்தியானம் திரும்பினார்.
வெயிலூர் தன் பெயருக்கு
நியாயம் செய்துகொண்டிருந்த நேரம்.
இவர் நேதாஜி மார்க்கெட் போவதற்குள்
கோலார் லாரி இரண்டு இறங்கிவிட்டதாம்.
கிரேட்டுக்கு முப்பது ரூபாய் சரிவு.
பதினாலு முப்பது எவ்வளவு என்று
அவர் கேட்கவில்லை.
நானும் கால்குலேட்டரைத் தொடவில்லை.

"யாருய்யா இதுக்கெல்லாம் வெல வெக்கிறது?"
பெட்ரோலையா, தக்காளியையா
என்று தெரியாததால்
எதிர்க்கடையைப் பார்த்தேன்.
பால்வண்டிக்கு டீசல் கட்டவில்லை என்று
பத்திலிருந்து பன்னிரண்டான டீ.
அப்புறம் டீசல் இறங்கியது ஒருமுறை.
டீக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

ரெண்டு டீ சொன்னார் முனிரத்தினம்,
இருபத்து நாலு ரூபாய்,
காலை மிச்சத்தைக் கழித்துக்கொண்டு என்று
அவரே சொல்லிச் சிரித்தார்.

நான் கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் பிடித்து
அடர்த்தி பார்த்து
நோட்டில் எழுதினேன்.
முப்பத்தாறு டிகிரி.
சூட்டில் கொஞ்சம் விரிந்துதான் இருக்கும்,
லிட்டர் அதே லிட்டர்,
உள்ளே சரக்கு ஒரு நூலளவு குறைவு.

இதை அவரிடம்
இன்றைக்குச் சொல்ல வேண்டாம்.