காரணம் என்ற கட்டம்

வாரத்தில் ஆறு நாள் பீளமேட்டில்
பம்புசெட்டு கம்பெனிக்குப் பில் போடுகிறேன்.
ஏழாம் நாள் செட்டிபாளையத்தில் சுற்று எண்ணுகிறேன்.
ஆளுக்கு மூன்று கார். என் பங்குக்கு
நான்கு, பதினொன்று, முப்பத்தொன்று.
கோட்டைத் தாண்டினால் ஒரு குச்சி.
நாலு குச்சிக்குக் குறுக்கே ஐந்தாவது.

எல்லாம் பழைய எண்ணூறு சிசி.
பின்சீட்டைக் கழற்றி இரும்புக் கூண்டு வைத்தவை.
ஒன்றின் கண்ணாடியில் இன்னும் ஒட்டியிருக்கிறது
யாரோ ஒரு டாக்டரின் சிவப்புச் சிலுவை.

பத்தொன்பது கிளம்பின. இருபத்தைந்து சுற்று.
பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த ஆடிக்காற்று
தாளைப் பிடுங்கப் பார்த்தது.
டிபன் டப்பாவைத் தூக்கி மேலே வைத்தேன்.

முதலில் வந்தது ஏழு, ரங்கராஜுலு.
மாலை போட்டு, போட்டோ பிடித்து,
எடை மேடையில் ஏற்றினால் நாலு கிலோ குறைவு.
"டேங்க் காலிங்க, அதானுங்க" என்றார்.
அடித்துவிட்டு இரண்டை ஒன்றாக்கினேன்.
இரண்டாவதாக வந்த சென்னியப்பன்
ஒறம்பரை விசேசத்துக்குக் கிளம்பிப்
பல்லடம் தாண்டியிருந்தார்.
"அப்படீங்களா" என்றார் போனில்.
"கோப்பையை யாராச்சும் எடுத்து வைங்க,
பின்னாடி லாரி வருது."

முடிக்காதவை எட்டு.
அவற்றுக்கென்று ஒரு கட்டம்: காரணம்.
கிளட்ச். ரேடியேட்டர். அச்சு. டயர்.
எஞ்சின், எஞ்சின், எஞ்சின்.

முப்பத்தொன்று, அர்த்தநாரி,
கணபதியில் லேத் பட்டறை.
நாலாவது இடம், கடைசிச் சுற்று, கடைசி வளைவு.
கருவேலம் புதரிலிருந்து இறங்கி வந்தது
அவசரமே இல்லாமல்,
தோகையைத் தாரில் இழுத்துக்கொண்டு.
மிதித்தான். வண்டி அரைவட்டம் போட்டு
கோட்டுக்கு நூறடி இப்பால் அணைந்தது.
சாவியைத் திருகினான். திருகினான்.
எட்டு வண்டிகள் விலகிப் போயின.
என் தாளில் நாலு கட்டு முழுசு;
ஐந்தாவதில் நாலு குச்சி நிற்கிறது,
குறுக்குக் கோடு விழாமல்.

கட்டத்தில் எழுதினேன்: மயில்.

நடுவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"இப்படியொரு காரணமே கெடையாது அம்மிணி.
எஞ்சின்னு போடுங்க."
உலகத்தையே சுற்றி வந்தும் பழம் கிடைக்காத பறவைங்க,
பந்தயம் அதுக்குப் புதுசா, என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
வெள்ளை மை பூசி, ஊதி, எழுதினேன்: எஞ்சின்.

பலகையில் ஒட்டிய ஐந்தாம் நிமிடம்
ஹெல்மெட்டோடு வந்து நின்றான் அர்த்தநாரி.
எத்தனையாவது என்று கேட்கவில்லை.
"எஞ்சினா? நானே கட்டினதுங்க அது.
இப்பவும் ஓடுது, காது குடுத்துக் கேளுங்க."
கேட்டது. நிறுத்தாமல் விட்டிருந்தான்,
ஒரு தையல் மிசின் மாதிரி.
"தப்பை எம்பேர்ல போடுங்க.
அதும்மேல போடாதீங்க."

வெள்ளையின் மேல் வெள்ளை.
மூன்றாவது தடவை எழுதினேன்: ஓட்டுநர்.
தாள் அந்த இடத்தில் மட்டும்
தடித்துப் போயிருந்தது, காயம் ஆறினாற்போல.

மணி நாலரை.
டப்பாவைத் திறந்தேன். தயிர்சாதம் புளித்திருந்தது.